டோஃபு சப்பென்று இருக்கிறதா? குறை மசாலாவில் இல்லை

கேள்வி: கொழுப்பைக் குறைக்கச் சொன்னதால் பனீருக்குப் பதில் சோயாப் பாலில் செய்யும் டோஃபு வாங்குகிறேன். ஒரு மணி நேரம் மசாலாவில் ஊற வைத்தாலும் உள்ளே சப்பென்றுதான் இருக்கிறது, கடாயில் போட்டால் ஒட்டிக்கொண்டு உடைகிறது. எண்ணெயில் பொரித்தால் மட்டும் நன்றாக வருகிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. கெட்டி டோஃபுவிலேயே முக்கால் பங்கு போலத் தண்ணீர்தான், அதனால் எண்ணெய் கலந்த மசாலாவை எத்தனை மணி நேரம் தடவி வைத்தாலும் அது மேலேயே நின்றுவிடும். முதலில் தண்ணீர் வெளியே வர வேண்டும், உப்பு உள்ளே போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வேலை போதும். பாக்கெட்டில் 'ஃபர்ம்' அல்லது 'எக்ஸ்ட்ரா ஃபர்ம்' என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கி (மிக மென்மையான 'சில்கன்' வகை சூப்புக்குத்தான் சரிவரும்), விரற்கடை அளவுத் துண்டுகளாக வெட்டி, நன்றாக உப்புக் கரிக்கும் கொதிநீரை அவை மூழ்கும்வரை ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். தண்ணீரில் ஊறினால் இன்னும் ஈரமாகாதா என்று தோன்றும், ஆனால் சூட்டில் புரதம் இறுகி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து தள்ளிவிடும். வடித்து, பருத்தித் துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள்.

அப்புறம் தோசைக்கல். கல் நன்றாகக் காய்ந்ததும் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, துண்டுகளை இடைவெளி விட்டு வைத்து, நான்கைந்து நிமிடம் கை வைக்காமல் இருங்கள், அதுதான் கஷ்டம். அடிப்பக்கம் பொன்னிறமானால் துண்டு தானாகவே கல்லை விடும், அதற்கு முன்னால் சுரண்டுவதால்தான் உடைகிறது. எல்லாப் பக்கமும் சிவந்த பிறகே தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு சீரகம். பொடியை முதலிலேயே போட்டால் டோஃபு சிவப்பதற்குள் அது கருகிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை பிழியுங்கள்.

குழம்பில் போடுவதென்றால் முதல் நாள் இரவே பாக்கெட்டோடு ஃப்ரீசரில் வையுங்கள். உறையும்போது மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம். பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் துளையாகிவிடுவதால், உருகியதும் உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும், அந்தத் துளைகளில் புளிக்குழம்பு ஏறிக்கொள்ளும்.

பனீரில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேலேயே கொழுப்பு இருக்கும், டோஃபுவில் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. பொரித்தால் அந்த லாபம் போச்சு. சுவைக்குச் சோயா சாஸ் சேர்த்தால் அதிலும் கவனம் வேண்டும், ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் வரம்பான 2,000 மில்லிகிராமில் கிட்டத்தட்ட பாதி. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால், சோயா அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கலாம், எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரித்த பாக்கெட்டில் மிச்சமிருந்தால் தண்ணீரில் மூழ்க வைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, மூன்று நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள். புளித்த வாடையோ கொழகொழப்போ வந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.