ஓடைப் பூச்சிக்குப் பெயரை விலைக்கு வாங்காதீர்கள்

கேள்வி: உதகையில் விலங்கியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக அவலாஞ்சி பக்கம் டிரவுட் மீன் உள்ள ஓடை ஒன்றில் கற்களைப் புரட்டி, மேஃப்ளை (இளம்பருவத்தில் நீரில் வளர்ந்து, பிறகு சிறகு முளைத்துப் பறக்கும் பூச்சி) இளம்பூச்சிகளைச் சேகரித்தேன். ஆல்கஹாலில் போட்டதும் பலவற்றுக்கு வாலும் செவுளும் உதிர்ந்துவிட்டன. எந்த இனம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குப்பிக்கு 300 ரூபாய் கொடுத்தால் இனப்பெயரும் சான்றிதழும் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. வாலும் செவுளும் போன இளம்பூச்சியைப் பார்த்து இனப்பெயர் சொல்பவர் ஊகித்துத்தான் சொல்கிறார். மேஃப்ளையில் பெரும்பாலும் இனத்தை உறுதி செய்வது முழுவளர்ச்சி அடைந்த ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பு. அது உங்கள் குப்பியில் இல்லை. இல்லாததைப் பார்த்து யார் பெயர் சொல்ல முடியும்? இந்தப் புரோக்கர்கள் ஒரே பட்டியலைக் கல்லூரி கல்லூரியாக விற்கிறார்கள். நான் தேர்வாளராகப் போன இடத்தில், மூன்று மாணவர்களின் அறிக்கையில் ஒரே ஏழு பெயர்கள், ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தன. பிள்ளைகள் தலைகுனிந்து நின்றார்கள். விற்றவர் அங்கே வரவில்லை.

இங்கிலாந்துத் தூண்டில்காரர்களின் படப் புத்தகத்தை வைத்துப் பெயர் சொல்வது இன்னொரு பொறி. அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் வைத்து வளர்த்த டிரவுட் வெளியிலிருந்து வந்த மீன். அது தின்னும் பூச்சி இந்த மலையில் பிறந்தது. பெட்டர்சுலா குற்றாலென்சிஸ், அஃப்ரோனூரஸ் கும்பக்கரையென்சிஸ் என்று நம் அருவிகளின் பெயரிலேயே இனங்கள் இருக்கின்றன. அவற்றை அந்தப் புத்தகத்தில் தேடினால் எங்கே கிடைக்கும்?

இப்போது கையில் இருப்பதில் குடும்பம் வரை நீங்களே சொல்லலாம். கல்லோடு ஒட்டினாற்போல் தட்டையான உடல், கண் தலையின் மேல்பக்கம்: ஹெப்டஜெனிடே. சின்ன மீன் போல் உருண்டு நீண்ட உடல், தட்டில் விட்டால் விருட்டென்று நீந்தும்: பீட்டிடே. செவுள் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்திருந்தால் பெரும்பாலும் லெப்டோஃப்ளெபிடே. இளங்கலை புராஜெக்டுக்கு இது போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். மேஃப்ளைக்கு மூன்று வால், அதே போல் ஓடைக் கற்களில் வாழும் இன்னொரு பூச்சியான ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு வால் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். வேகமான ஓடையில் வாழும் எபியோரஸ் என்ற மேஃப்ளைக்கு இரண்டே வால். வால் உடைந்ததா, பிறப்பிலேயே இரண்டா என்று மாணவர்கள் மணிக்கணக்கில் குழம்புவார்கள். வாலை விட்டுவிட்டுக் காலின் நுனியைப் பாருங்கள். ஒவ்வொரு காலிலும் ஒரே நகம் என்றால் மேஃப்ளை, இரண்டு நகம் என்றால் ஸ்டோன்ஃப்ளை. அடுத்து செவுள். மேஃப்ளைக்கு அது வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாக இருக்கும். ஸ்டோன்ஃப்ளைக்குச் செவுள் இருந்தால் பெரும்பாலும் கால் இடுக்கில் குஞ்சம் போல் இருக்கும். செவுள் உதிர்ந்த பூச்சியிலும் நகம் மிஞ்சியிருக்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும், இன்றைக்கே பார்த்துவிடலாம்.

அடுத்த முறை இடுக்கியால் பிடிக்காதீர்கள். வலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, நனைந்த தூரிகை நுனியில் ஏற்றிக் குப்பிக்கு மாற்றுங்கள். குப்பியை விளிம்பு வரை ஆல்கஹாலால் நிரப்புங்கள். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் மலைப்பாதை பஸ் குலுக்கலில் பூச்சி அங்குமிங்கும் அடிபட்டே செவுளை இழக்கும். மறுநாள் பழைய ஆல்கஹாலைக் கொட்டிப் புதிது ஊற்றுங்கள். லேபிளைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். பால்பாயிண்ட் மை கரைந்துவிடும்.

இனப்பெயர் வேண்டுமானால் வளர்க்கத்தான் வேண்டும். முதுகில் சிறகுப் பை கறுத்த இளம்பூச்சி ஓரிரு நாளில் சிறகு விரிக்கும். பக்கவாட்டில் வலைத்துணி ஒட்டிய டப்பாவில் அதை விட்டு, பாதி நீரில் பாதி வெளியில் இருக்கும்படி ஓடையிலேயே கட்டுங்கள். முதலில் வெளிவருவதன் சிறகு மங்கலாக, புகை படிந்தது போல் இருக்கும். அதை ஆல்கஹாலில் போட்டுவிடாதீர்கள். சிறகு வந்த பின்னும் ஒரு முறை தோலுரிக்கும் பூச்சி உலகத்தில் மேஃப்ளை ஒன்றுதான். ஒரு நாள் பொறுத்தால் கண்ணாடிச் சிறகோடு முழுப்பூச்சி கிடைக்கும். உரித்த தோலையும் அதே குப்பியில் போடுங்கள். எந்த இளம்பூச்சி எந்தப் பெரியதாக ஆனது என்பதற்கு அதுதான் சாட்சி.

அனுமதி வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வன நிலத்தில் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் வலையை இறக்காதீர்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்கா எல்லைக்குள் என்றால் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரையும் ஒதுக்குங்கள். நான் பிப்ரவரியில் கொடுத்த மனுவுக்கு ஜூலையில் பதில் வந்தது. அப்போது ஓடையில் வெள்ளம், கால் வைக்க முடியவில்லை. பூச்சியைப் படிக்க வரும் பிள்ளைகளைப் பருவம் முழுக்கக் காக்க வைத்துவிட்டு, ஓடைகளில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் ஏன் இல்லை என்று கேட்பது என்ன நியாயம்? உங்களுக்கு மாதங்கள் இல்லை என்றால் தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடும் ஓடை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மேலாளரிடம் கல்லூரிக் கடிதம் கொடுத்து எழுத்தில் சம்மதம் பெறுங்கள்.

இருக்கும் குப்பிகளைக் கொட்டிவிடாதீர்கள். அறிக்கையில் இனம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, குடும்பம், இடம், தேதி, நீரின் வெப்பநிலை ஆகியவற்றை எழுதுங்கள். வெப்பநிலை அளக்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதிவிடுங்கள்.