மைமோனிடிசின் ‘திகைத்தோருக்கு வழிகாட்டி’: எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். இடைக்கால யூத மெய்யியலாளர் மைமோனிடிசின் இந்நூலில் நாற்பது அத்தியாயங்கள் படித்தும் எபிரேயச் சொல்விளக்கமே வருகிறது, மெய்யியல் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். குறை உங்களிடம் இல்லை. முதல் பாகத்தின் முதல் 49 அத்தியாயங்களில் பெரும்பாலானவை, இறைவன் ‘அமர்ந்தான்’, ‘இறங்கினான்’, ‘கண்டான்’ என்று எபிரேய விவிலியம் சொல்லும் இடங்களில் அச்சொற்களுக்கு உடல்சார்ந்த பொருள் கொள்ளலாகாது என்று நிறுவுவதற்காகவே எழுதப்பட்டவை. அவற்றுள் ‘சாயல்’ என்ற சொல்லை ஆராயும் முதல் அத்தியாயத்தை மட்டும் பொறுமையாகப் படித்துவிட்டு, நேராக 50-ஆம் அத்தியாயத்துக்குச் சென்றுவிடுங்கள்.

அங்கிருந்து 60 வரை நூலின் உயிர்நாடி. இறைவன் இன்னவன் என்று சொல்ல இயலாது, இன்னவன் அல்லன் என்றே சொல்ல இயலும் என்ற வாதத்துக்கு மைமோனிடிசு தரும் கப்பல் உவமை 60-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. கப்பல் என்றொரு பொருள் உண்டு என்பதை மட்டுமே அறிந்த ஒருவரில் தொடங்கி, அடுத்தடுத்து வருபவர்கள் அது கனிமமன்று, உயிரினமன்று, மண்ணில் வேரூன்றிய செடியன்று, பலகைபோல் தட்டையானதன்று, உருண்டையுமன்று என ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர, கடைசியாக வருபவர் கப்பலை உள்ளபடி மனத்தில் கொண்டவருக்கு ஏறத்தாழ நிகராகிவிடுகிறார்.

எனக்கு இந்த உவமை முழு நிறைவு தரவில்லை. கப்பலுக்கு வடிவம் உண்டு, விலக்கலுக்கு ஓர் எல்லையும் உண்டு. பின்வந்த யூத மெய்யியலாளர் ஜெர்சோனிடிசும் (1288–1344) இக்கோட்பாட்டை மறுத்தார்: ‘அறிகிறான்’ என்ற சொல்லுக்கு இறைவனிடத்தில் முற்றிலும் வேறு பொருள் என்றால், அங்கே அச்சொல்லால் எதையுமே நிறுவ முடியாது என்பது அவர் வாதம். அவரை இரண்டாவதாகப் படியுங்கள்.