‘கேலோ’ என்று எழுதிவிட்டேன், ஐயா!

கேள்வி: நான் பி.காம். முடித்து ஓராண்டு ஆகிறது. ஆடிட்டர் அலுவலகங்களில் அக்கவுண்ட்ஸ் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்து வருகிறேன். மாமாவின் ஹார்டுவேர் கடையில் எட்டு மாதம் ‘டேலி’ என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றியதைத் தவிர வேறு அனுபவம் கிடையாது. கவரிங் லெட்டரில் அதைக் கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில் சொல்லலாமே என்று, ‘இன்எக்ஸ்பீரியன்ஸ்டு’ என்பதற்கு மாற்றுச் சொல்லை செல்போனில் தேடினேன். ‘கேலோ’ என்று வந்தது. ‘ஐ ஆம் கேலோ பட் ஹார்ட்வொர்க்கிங்’ என்று எழுதி நான்கு இடங்களுக்கு அனுப்பியும் விட்டேன். அதைப் பார்த்த அத்தை மகன், “இரக்கமில்லாதவள்னு உன்னைப் பத்தி நீயே எழுதியிருக்கியே” என்று சிரிக்கிறார். நான் எழுதியது தப்பா? திருத்தி மறுபடி அனுப்ப வேண்டுமா? இனி என்ன சொல் போடுவது?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள் அம்மா. அத்தை மகன் சொன்ன பொருள் அந்தச் சொல்லுக்குக் கிடையாது. அவர் எங்கே சறுக்கினார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதும் சரியில்லை.

அகராதியைக் குறை சொல்ல முடியாது. இளவயது, அனுபவமின்மை என்று அது சொல்வது உண்மைதான். அந்தச் சொல்லை யார் வாயால், யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்பதைத்தான் அது சொல்லாமல் விட்டுவிட்டது.

கேலோ மிகப் பழைய ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வழுக்கை என்றுதான் பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘கால்’ என்றால் வழுக்கை, மொட்டை. நம்முடைய காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மண்டையில் முடியில்லாததைச் சொன்ன சொல், பிறகு உடம்பில் இறகில்லாத பறவைக் குஞ்சைச் சொல்ல வந்தது. 1667இல் வெளியான ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில், முட்டையை உடைத்துக்கொண்டு வரும் குஞ்சுகளுக்கு மில்டன் இந்த அடைமொழியைத்தான் போடுகிறார். எங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் சிட்டுக்குருவி கூடு கட்டும். பொரித்த அன்றைக்கு எட்டிப் பார்த்தால் ஒரு இறகு இருக்காது. ரோஸ் நிறத்தில் வெறும் தோல், திறக்காத கண், சின்ன சத்தம் கேட்டாலும் அகலத் திறக்கிற வாய். அதுதான் கேலோ. அந்த நிலையில் இருந்துகொண்டு ஊருக்குப் புத்தி சொல்லும் இளவட்டத்தைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளித்துச் சொன்னபோது, சொல் மனிதருக்கும் ஒட்டிக்கொண்டது.

நம் ஊரில் ‘முளைச்சு மூணு இலை விடலை’ என்கிறோமே, கேலோவுக்கு அது வெகு பக்கத்தில் வரும். “நான் முளைத்து மூன்று இலை விடாதவள், ஆனாலும் நன்றாக உழைப்பேன், வேலை கொடுங்கள்” என்று யாராவது மனு எழுதுவார்களா? நீங்கள் எழுதியது கிட்டத்தட்ட அதுதான். படிக்கிறவருக்குக் கோபம் வராது. கொஞ்சம் சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. இன்எக்ஸ்பீரியன்ஸ்டு என்பது வேலையைப் பற்றிய சொல். எந்த வேலையில் பழக்கமில்லை என்று பின்னாலேயே சொல்லலாம். கேலோ ஆளைப் பற்றிய சொல். “அவன் ஆடிட் வேலையில் கேலோ” என்று ஆங்கிலத்தில் சொல்வதில்லை. ரிட்டயர் ஆன பிறகு, 60 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்எக்ஸ்பீரியன்ஸ்டு டிரைவர்தான், சந்தேகமில்லை. கேலோ என்று அவரைச் சொன்னால் பொருந்தவே பொருந்தாது. வாழ்க்கையைப் பார்த்தவர் அவர், கிளட்ச்தான் பிடிபடவில்லை. இந்தப் பெரியவரை மனசில் வைத்துக்கொண்டால் பாதிச் சொற்களை நீங்களே தரம் பிரித்துவிடலாம்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். ‘கேட்’ என்று பூனையைச் சொல்வதுபோல் வாயைத் திறந்து தொடங்கி, ‘யெல்லோ’ மாதிரி முடிக்க வேண்டும். தமிழில் எழுதினால் மத்திய அரசின் ‘கேலோ இந்தியா’ விளையாட்டுத் திட்டமும் இதே எழுத்தில்தான் வரும். அது இந்திச் சொல், விளையாடு என்று பொருள். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாற்றுச் சொல் தேடினால் போனில் இன்னும் பல வரும். ‘நையீவ்’ வரும். அது நம் வெள்ளந்தி. பழக ஏற்ற குணம்தான், ஆனால் ஆடிட்டர் ஆபீசுக்கு உதவாது. சொன்னதையெல்லாம் நம்புகிறவர் எப்படி வவுச்சர் சரிபார்ப்பார்? ‘கிரீன்’ வரும். பச்சைப் பிள்ளை என்று நாம் சொல்வதைப் போலவே பழுக்காத காயிலிருந்து வந்தது. பேச்சில் நன்றாக இருக்கும், கடிதத்தில் வேண்டாம். ‘இம்மெச்சூர்’ பக்கம் போகவே போகாதீர்கள்.

‘ரா’ என்றும் ஒன்று வரும். அதில் நானே அடிபட்டிருக்கிறேன். என் முதல் இன்டர்வியூவில், “ஐ ஆம் ரா, சார்” என்று பணிவாகச் சொன்னேன். ‘ரா’ என்றால் பச்சையாக, சமைக்காமல் இருப்பது. எதிரே இருந்த மூவரில் ஒருவர் தமிழிலேயே, “அப்ப வேக வச்சுத்தான் எடுக்கணுமோ?” என்றார். மற்ற இருவரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வேலை கிடைக்கவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்தது, அது இங்கே வேண்டாம்.

‘ஃப்ரெஷர்’ போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம். நம் நாட்டு வேலை விளம்பரங்களிலேயே அந்தச் சொல் இருக்கிறது, எல்லோருக்கும் புரியும். பிரிட்டனில் ஃப்ரெஷர் என்றால் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு சேர்ந்த மாணவர். லண்டனுக்கு விண்ணப்பிக்கும் அன்றைக்கு அதைப் பார்த்துக்கொள்வோம்.

ஆனால் என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்துக்கு எந்த அடைமொழியும் தேவையில்லை. தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? ‘எனக்கு இந்த வேலையில் பழக்கமில்லை’ என்று ஒரு வாக்கியமாகத்தானே சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே சொல்லலாம்: ‘ஐ ஹாவ் நாட் எட் வொர்க்ட் இன் ஆன் ஆடிட்டர்ஸ் ஆபீஸ்.’ அதில் ‘எட்’ என்ற குட்டிச் சொல்லை விட்டுவிடாதீர்கள். ‘இன்னும்’ என்கிற அந்த ஒரு சொல், இனிமேல் செய்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஆனால் இந்த வாக்கியத்தைக் கடிதத்தின் முதலில் வைக்காதீர்கள். முதலில் ஹார்டுவேர் கடை வரட்டும்.

எட்டு மாதம் டேலியில் பில் ஏற்றியதை அனுபவம் இல்லை என்று நீங்களே தள்ளிவிட்டீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொள்முதல் பில், விற்பனை பில் இரண்டும் ஏற்றினீர்களா? ஆணிக்கும் பெயின்ட்டுக்கும் வரி விகிதத்தைப் பார்த்துப் போட்டது நீங்களா, மாமாவா? மாதம் 11ஆம் தேதிக்குள் போக வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு ரிட்டனுக்கு விவரம் எடுத்துக் கொடுத்தீர்களா? ரிட்டனைத் தாக்கல் செய்தது வேறொருவர் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆடிட்டர் ஆபீஸ் ஆட்கள் அங்கேதான் நின்று படிப்பார்கள். ‘ஹார்ட்வொர்க்கிங்’ என்பதை எடுத்துவிடலாம்; அவர்கள் மேசைக்கு வரும் எல்லா லெட்டரிலும் அது இருக்கும்.

சரி, அனுப்பிய நான்கு கடிதங்கள். திருத்தம் அனுப்ப வேண்டாம். ஒருவேளை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். திருத்தம் அனுப்பினால் கட்டாயம் தேடிப் பார்ப்பார்கள். நேரில் கூப்பிட்டு யாராவது அந்தச் சொல்லைக் கேட்டால், “போனில் பார்த்துப் போட்டேன் சார், பொருந்தாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது” என்று சொல்லிவிடுங்கள். தப்பை ஒரே வரியில் ஒப்புக்கொள்ளும் ஆளைக் கணக்கு வேலையில் யாருக்கும் பிடிக்கும்.

இப்போது அத்தை மகன். அவர் மனசில் இருந்தது ‘கேலஸ்’. கேலோவில் இரண்டு எல்லுக்குப் பிறகு ஓ, டபிள்யூ. கேலஸில் ஓ, யூ, எஸ். அது லத்தீனிலிருந்து வந்தது, இரண்டுக்கும் உறவே இல்லை. மண்வெட்டி பிடித்த உள்ளங்கையில் தோல் தடித்துக் காய்ப்பேறுகிறதே, அந்தக் காய்ப்புதான் அதன் மூலம். அடுத்தவர் வலி உறைக்காத அளவுக்குக் காய்த்துப்போன மனசு கேலஸ். பார்க்கப்போனால் இரண்டும் நேர் எதிர்: ஒன்று இறகுகூட முளைக்காத பிஞ்சுத் தோல், மற்றது தடித்து மரத்துப்போன தோல். போனை அவர் கையிலேயே கொடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். ரொம்பச் சிரித்துவிடாதீர்கள், நாளை கல்யாணம் காட்சி என்று முகம் பார்க்க வேண்டிய உறவு.