இளைஞர்கள் வலது பக்கம் போய்விட்டார்களா?

அன்புள்ள ஐயா,

நான் 1969இல் பிறந்தவன். கல்லூரியில் இடதுசாரி மாணவர் அமைப்பில் இருந்தேன். ஊர்வலம், போஸ்டர், உண்ணாவிரதம் எல்லாம் பார்த்தாயிற்று. அன்று கூட இருந்த நண்பர்களில் பலர் இன்று அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். என்னைக் குழப்புவது என் பிள்ளைகள். 2002இல் பிறந்த மகன் ‘இந்த நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரிதான் லாயக்கு’ என்கிறான். தொழிற்சங்கம் என்றாலே எரிந்து விழுகிறான். அவனுக்கு இரண்டு வயது மூத்த மகள் நேர் எதிர். அந்த வயதில் நான் இருந்ததைவிடத் தீவிரம். சாப்பிட உட்கார்ந்தால் சண்டைதான். இளமை என்றால் இடது, முதுமை என்றால் வலது என்பதுதானே வழக்கம்? இவர்கள் தலைமுறைக்கு என்ன ஆயிற்று? ‘வயசானா சரியாயிடுவான்’ என்று விட்டுவிடலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அப்படி விட்டுவிடாதீர்கள். இருபதுகளில் பிடித்துக்கொண்ட அரசியல் பலரிடம் கடைசிவரை தங்கிவிடுகிறது.

இதைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பென்னிங்டன் என்று ஒரு கல்லூரி. அன்று பெண்கள் மட்டுமே படித்தார்கள். 1930களில் தியடோர் நியூகோம்ப் என்ற சமூக உளவியலாளர் அங்கே பாடம் நடத்திக்கொண்டே மாணவிகளின் அரசியல் கருத்துகளைக் கேட்டுக் குறித்துவந்தார். பெரும்பாலும் வசதியான, பழமைவாதக் குடும்பத்துப் பெண்கள். ஆசிரியர்களோ இளவயதினர், அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட்டின் நலத்திட்டங்கள் பக்கம் சாய்ந்தவர்கள். 1936 அதிபர் தேர்தல் சமயத்தில் முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் பேர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்ட குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் பக்கம் நின்றார்கள். மூத்த மாணவிகளிடம் அவருக்கு இருந்த ஆதரவு 15 சதவீதம். வீட்டிலிருந்து கொண்டுவந்த அரசியல் இரண்டு மூன்று வருடத்தில் கரைந்துவிட்டது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். சுமார் 25 வருடம் கழித்து நியூகோம்ப் அதே பெண்களை மீண்டும் தேடிப் போனார். கல்யாணம், குழந்தைகள், வசதியான வாழ்க்கை எல்லாம் வந்துவிட்டிருந்தது. பெரும்பாலோர் கல்லூரியை விட்டு வெளியேறியபோது எங்கே இருந்தார்களோ அங்கேயே இருந்தார்கள். 1984இல், அவர்கள் அறுபதைத் தாண்டிய பிறகு, மறுபடியும் கேட்டார்கள். அப்போதும் பெரிய மாற்றமில்லை. தங்களைப் போல யோசிப்பவர்களையே கணவர்களாகவும் நண்பர்களாகவும் சேர்த்துக்கொண்டது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நியூகோம்ப் கருதினார். சுற்றியிருந்தவர்கள் அந்தக் கருத்தைக் கலையாமல் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் மகன் யாரோடு பழகுகிறான் என்பது உங்களுக்குத் தெரியுமா?

இளமை என்றால் இடது என்பதற்கு வருகிறேன். அப்படி ஒரு விதி இருப்பதாக நான் நினைக்கவில்லை. 1984 அமெரிக்கத் தேர்தலில் அதிபர் ரீகனுக்கு 73 வயது. வலதுசாரிகளின் நாயகன். முப்பது வயதுக்குட்பட்ட வாக்காளர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு பேர் அவருக்குத்தான் போட்டார்கள். அந்த இளைஞர்கள் வளர்ந்த காலத்தைப் பாருங்கள்: கட்டுக்கடங்காத விலைவாசி, பெட்ரோலுக்கு நீண்ட வரிசை, ஈரானில் பிணைக்கைதிகளாகச் சிக்கிய தூதரக ஊழியர்கள். இதற்கெல்லாம் பொறுப்பு என்று அவர்கள் நினைத்த ஆட்சியை ரீகன் வீழ்த்தியிருந்தார். இளைஞர்கள் தங்கள் கண்முன் தோற்றுப்போனதாகத் தெரியும் எதையும் எதிர்க்கிறார்கள். தோற்றது வலது என்றால் இடது பக்கம் போவார்கள், தோற்றது இடது என்றால் வலது பக்கம்.

இரண்டும் சேர்ந்து தோற்றதாகத் தெரிந்தால்? 2025 பிப்ரவரி ஜெர்மன் தேர்தலில் அதுதான் நடந்தது. 18 முதல் 24 வயதினரிடம் முதலிடம் இடதுசாரிக் கட்சிக்கு, இரண்டாமிடம் தீவிர வலதுசாரியான ஏ.எஃப்.டி.க்கு. எழுபது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் பல பத்தாண்டுகளாக மாறிமாறி ஆண்ட இரண்டு பழைய கட்சிகளுக்கே போட்டார்கள். அவர்கள் வளர்ந்தபோது அந்தக் கட்சிகள்தான் வேலையும் வீடும் ஓய்வூதியமும் கொடுத்தன. பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் கட்டுப்படியாகாத வாடகை.

உங்கள் வீட்டில் நடக்கும் அக்கா-தம்பி சண்டையும் புதிதில்லை. தென்கொரியாவில் 2022 அதிபர் தேர்தலின் வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பில், இருபதுகளில் இருந்த ஆண்களில் சுமார் 58 சதவீதம் பேர் வலதுசாரி வேட்பாளருக்குப் போட்டிருந்தார்கள். அதே வயதுப் பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் எதிர்வேட்பாளருக்கு. ஒரே பள்ளி, ஒரே தேர்வு, ஒரே வேலைத் தட்டுப்பாடு. ஆனால் பெண்ணுக்குச் சமத்துவம் இன்னும் வந்துசேரவில்லை என்று தோன்றுகிறது; பையனுக்கோ அது தன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதாகத் தோன்றுகிறது. கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் தலைமுறைகளைப் பற்றி 1928இல் எழுதிய கட்டுரையில் இதைத் தொட்டிருக்கிறார்: ஒரே காலத்தின் அழுத்தத்துக்கு ஆளானவர்கள் அதற்கு எதிரெதிரான பதில்களைச் சொல்லலாம், அப்போதும் அவர்கள் ஒரே தலைமுறைதான். ஆகவே ‘இந்தத் தலைமுறை’ என்று மொத்தமாகப் பேசும்போது உங்கள் மகளையோ மகனையோ விட்டுவிட்டுத்தான் பேசுகிறோம்.

உங்கள் நண்பர்கள் விஷயம். அவர்கள் வயதால் மாறினார்கள் என்கிறீர்கள். 1969இல் பிறந்த உங்களுக்கு பெர்லின் சுவர் விழுந்தபோது இருபது வயது. சோவியத் ஒன்றியம் கலைந்தபோது 22. உலகம் முழுக்க இடதுசாரிகள் பலருக்கு அந்த இரண்டு வருடத்தில் காலடி மண் நழுவியது. உங்கள் நண்பர்களை மாற்றியது வயதா, 1991ஆ? ஆய்வாளர்களுக்கே இதைப் பிரித்துச் சொல்வது பெரும்பாடு. பிறந்த வருடமும் நடப்பு வருடமும் தெரிந்தால் வயது தானாக வந்துவிடுகிறது. வயது, பிறந்த காலம், நடப்புக் காலம் ஆகிய மூன்றில் எது வேலை செய்தது என்று தனித்துக் காட்ட முடிவதில்லை. வயதுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். சொந்த வீடு, வரி, ஓய்வூதியம் என்று வந்தால் கணக்குகள் மாறத்தான் செய்யும். ஆனால் மூத்தவர்கள் எப்போதும் பின்னோக்கியே போகிறார்கள் என்பது தவறு. ‘காலப்’ (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்குப்படி 1996இல் அமெரிக்கர்களில் 27 சதவீதம் பேர்தான் ஒருபால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்றார்கள். 2021இல் அது 70 சதவீதம். வெறும் 25 வருடத்தில், பழையவர்கள் இறந்து புதியவர்கள் வந்ததால் மட்டுமே இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. நடுவயதிலும் அதற்குப் பிறகும் ஏராளமானவர்கள் மனம் மாறியிருக்கிறார்கள்.

சரி, மகனை என்ன செய்வது? சர்வாதிகாரி வேண்டும் என்பது ஆபத்தான பேச்சு. உங்களுக்கு அதில் உடன்பாடில்லை என்பதை அவனிடம் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆனால் ‘உனக்கு வயசு போதாது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பெருந்தொற்று வந்தபோது அவனுக்கு 17, 18 வயது. ஊரே அடைபட்டுக் கிடந்த காலத்தில்தான் அவன் பெரியவனானான். எந்த அலுவலகம், எந்த வரிசை, எந்த நிராகரிப்பு அவனை இந்த முடிவுக்குத் தள்ளியது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். உங்கள் மாணவர் அமைப்புக் கதையையும் அன்று எடுக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. பல நாடுகளில் இளைஞர்கள் மூத்தவர்களைவிடக் குறைவாகவே வாக்களிக்கிறார்கள். அதனால் கட்சிகள் ஓய்வூதியத்தில் கைவைக்க அஞ்சும் அளவுக்கு மாணவர் கட்டணத்தில் கைவைக்க அஞ்சுவதில்லை. அதைப் பார்க்கும் இளைஞன் ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று முடிவுகட்டுகிறான். ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாம் என்ற எண்ணம் அங்கிருந்தும் வரலாம். உங்கள் பிள்ளைகள் இருவர் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். மகன் யாருக்குப் போட்டாலும் சரி, போய்ப் போடட்டும்.

அன்புடன்