அறிக்கையில் 'என் (N) வகை' என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

"என் குதிரைக்கு ஹெர்பெஸ் வைரஸ்-1 தொற்று. ஆய்வக அறிக்கையில் 'என்752, நரம்பைத் தாக்காத வகை' என்று போட்டிருக்கிறார்கள். காய்ச்சலும் விட்டுவிட்டது. மற்ற குதிரைகளோடு சேர்த்துக் கட்டலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். 'தாக்காத' என்று பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து.

இந்த வைரஸ் தன் டிஎன்ஏவை நகலெடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ் நொதியில் 752ஆவது இடத்தில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் இருந்தால் என் (N) வகை. அஸ்பார்டிக் அமிலம் இருந்தால் டி வகை. மரபணுவில் ஏ என்ற ஓர் எழுத்து ஜி ஆனதால் வந்த வித்தியாசம், அவ்வளவுதான். டி வகையில் பக்கவாதம் அதிகம் என்பது உண்மை. ஆனால் என் வகையும் அதைச் செய்யும். 2021இல் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த குதிரைப் போட்டியில் பரவி, நரம்புப் பாதிப்பால் குதிரைகளைப் பலிவாங்கியது என் வகைதான்.

காரணம் இருக்கிறது. வெள்ளணுக்களில் ஏறிப் பயணிக்கும் வைரஸ், தண்டுவடத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உள்சுவரைப் பழுதாக்குகிறது. அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ள, நரம்புத் திசு ரத்தமில்லாமல் சாகிறது. இந்த வழி இரண்டு வகைக்கும் பொது.

காய்ச்சல் விட்டதும் கவலைக்கு முற்றுப்புள்ளி இல்லை. நரம்புக் கோளாறு பெரும்பாலும் காய்ச்சல் தணிந்த பிறகுதான் தலைகாட்டும். குதிரையை மெதுவாக நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள்: பின்னங்குளம்பின் நுனி மணலில் கோடு இழுக்கிறதா, வால் துவண்டு தொங்குகிறதா, சிறுநீர் சொட்டுச்சொட்டாக ஒழுகுகிறதா? ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரை அழையுங்கள்.

தனி லாயம், தனி வாளி, தனி ஆள். எல்லாக் குதிரைகளுக்கும் காலையும் மாலையும் வெப்பநிலை பாருங்கள், 38.5 டிகிரி செல்சியஸ் தாண்டினால் அதையும் பிரித்துவிடுங்கள். கடைசியாகக் காய்ச்சல் கண்ட குதிரைக்குக் குணமாகி 21 நாளாவது ஆகட்டும். அப்புறம் மூக்குச் சளியைப் பரிசோதித்துவிட்டுச் சேர்க்கலாம்.

அதன் பிறகும் வைரஸ் போய்விடாது. நிணநீர் முடிச்சுகளிலும் முகத்து நரம்பு முடிச்சிலும் ஆயுளுக்கும் பதுங்கியிருக்கும். நீண்ட பயணம், வேறு நோய் என்று உடம்பு தளரும்போது மறுபடி கிளம்பலாம். தடுப்பூசி பரவலைக் குறைக்கும்; ஆனால் பக்கவாதத்தைத் தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

சரி, உங்கள் லாயத்தில் சினைக் குதிரை ஏதாவது இருக்கிறதா? இதைக் கடிதத்தில் சொல்லவில்லையே. கருச்சிதைவுகளில் அதிகம் கிடைப்பது இந்த 'சாதுவான' என் வகைதான். இருந்தால் முதலில் அதைத் தள்ளிக் கட்டுங்கள்.