8 ஜிபி 16 ஆனது. மதிப்பெண் ஏன் ஏறவில்லை?

கேள்வி: விண்டோஸ் 11 இயங்கும் என் மடிக்கணினியில் 8 ஜிபி ரேம் இருந்தது. அண்மையில் இன்னொரு 8 ஜிபி சேர்த்தேன். வேலை சற்று இலகுவானதுபோல் தோன்றினாலும், பென்ச்மார்க் மென்பொருளில் மதிப்பெண் ஏறவே இல்லை. உண்மையில் பலன் உண்டா என்பதை எப்படி அளந்து அறிவது?

பதில்: செயலியின் கணக்கிடும் திறனைச் சோதிக்கும் பென்ச்மார்க் மென்பொருளுக்குச் சில ஜிபி ரேமே போதும், அந்த அளவு உங்களிடம் முன்பே இருந்தது. ஆகவே மதிப்பெண் அசையாததை வைத்து, செய்த செலவு வீண் என்று தயவுசெய்து முடிவு கட்ட வேண்டாம். கூடுதல் ரேம் கணினியின் உச்ச வேகத்தை உயர்த்துவதைவிட, இடம் போதாமல் அது திணறும் தருணங்களைக் குறைக்கவே பெரிதும் பயன்படுகிறது. எனவே நாம் அளக்க வேண்டியதும் அந்தத் திணறலைத்தான்.

ரேம் நிரம்பும் நிலை வந்தால், அப்போதைக்குத் தேவைப்படாத தகவல்களை விண்டோஸ் வட்டில் உள்ள பேஜ் ஃபைலுக்கு நகர்த்திவிட்டு, கேட்கும்போது மீண்டும் எடுத்துவருகிறது. ரேமிலிருந்து ஒரு தகவலைப் பெற ஏறத்தாழ 100 நானோ வினாடி பிடிக்கிறது என்றால், எஸ்எஸ்டியிலிருந்து பெற அதைப்போல் பல நூறு மடங்கும், சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பெற ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கும் நேரமாகும். சுருக்கி வைத்திருந்த பெரிய விரிதாளை மீண்டும் சொடுக்கும்போது, முதலில் வெறும் சட்டகம் மட்டும் தோன்றி, கணநேரம் கழித்துக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணநேரம் பெரும்பாலும் இந்தப் பயணத்துக்கே செலவாகிறது.

இதைக் கண்ணால் காண, ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, மெமரி பகுதியில் உள்ள 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' (ரேமில் இல்லாத தகவலை வட்டிலிருந்து எடுக்க நேர்ந்த தடவைகள்) வரைபடத்தைக் கவனியுங்கள். ஒரு மென்பொருளை முதன்முறை திறக்கும்போது அந்தக் கோடு எகிறுவது இயல்பு. அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஏற்கெனவே திறந்திருப்பவற்றுக்கிடையே மாறி மாறிச் செல்லும்போதும் கோடு இறங்காமல் நின்றால்தான் நினைவகம் போதவில்லை என்று பொருள்.

ஒப்பிடுவதற்குப் பழைய நிலை வேண்டுமே என்பீர்கள். அதற்காகப் புதிய ரேமைக் கழற்றத் தேவையில்லை. சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் 'பூட்' பகுதிக்குச் சென்று, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதில் 'மேக்சிமம் மெமரி'யை 8192 (எம்பி, அதாவது 8 ஜிபி) என அமைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வட்டில் உள்ளவற்றைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால் மீட்புக் குறியீட்டை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் அளவு 8 ஜிபியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், டாஸ்க் மேனேஜரில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. சோதனை முடிந்ததும் அந்தத் தேர்வை மறக்காமல் நீக்கிவிடுங்கள். விட்டுவிட்டால் வாங்கிய ரேம் பயன்படாமலே கிடக்கும்.

சோதனைக்கு உங்கள் அன்றாட வேலையில் மிகக் கனமானதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் முழுமையான புதுத் தொடக்கமாக அமையாது. ஐந்து நிமிடம் காத்திருந்து, அதே கோப்புகளை அதே வரிசையில் திறந்து, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தால் நேரத்தைக் குறியுங்கள். 8 ஜிபி, 16 ஜிபி ஆகிய இரு நிலைகளிலும் இதை மூன்று முறை செய்து, நடுவில் வரும் அளவைக் கொள்ளுங்கள்.

அந்தக் கனமான வேலையிலும் டாஸ்க் மேனேஜரின் 'இன் யூஸ்' அளவு 6 ஜிபியைத் தாண்டவில்லை என்றால், கூடுதல் ரேமால் பெரிய மாற்றம் தெரியாது என்பதே என் மதிப்பீடு. காலியான ரேமை விண்டோஸ் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால், 'கேஷ்டு' எண் உயர்ந்திருப்பதைக் கண்டு கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இரண்டு ரேம்கள் தனித்தனிச் சேனலில் (செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை) அமர்ந்தால் தகவல் செல்லும் பாதை இரட்டிப்பாகிறது: டிடிஆர்4-3200 ரேமுக்கு, ஏட்டளவில் வினாடிக்கு 25.6 ஜிபி என்பது 51.2 ஜிபி ஆகிறது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் விளையாட்டுகளில் இது நன்றாகவே தெரியும். மேலே சொன்ன மேக்சிமம் மெமரி முறையில் இரண்டு ரேம்களும் இடத்திலேயே இருப்பதால், அந்தச் சோதனை கொள்ளளவின் பலனை மட்டுமே காட்டும். சேனலின் பலனையும் அறிய விரும்பினால் புதிய ரேமைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்பீட்' எண் நீங்கள் வாங்கிய ரேமின் வேகத்தைவிடக் குறைவாகத் தெரிந்தால், பழைய ரேம் மெதுவானதாக இருக்கலாம். அப்போது இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே இயங்கும்.