கறுப்பு காரும் பழைய வேட்டியும்

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன்பு கார் வாங்கினோம். எங்கள் குடும்பத்தின் முதல் கார். கறுப்பு நிறம்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாகச் சொன்னாள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பழைய பருத்தி வேட்டித் துணியால் நானே தூசி துடைத்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நிறுத்திவிட்டுப் பார்த்தால், பானெட் முழுவதும் சிலந்தி வலை போல வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். மனசே ஆறவில்லை. மெஷின் பாலிஷ் போட்டால் போய்விடும் என்று வாட்டர் சர்வீஸ் கடையில் சொல்கிறார்கள். கார் வாங்கிய இடத்தில் டெஃப்லான் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். என் மைத்துனரோ, புது பெயின்ட் காய ஆறு மாதம் ஆகும், அதுவரை எதையும் பூசாதீர்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலில் அந்த வேட்டித் துணியைக் காரின் பக்கமே போகாமல் எடுத்து வைத்துவிடுங்கள். மற்ற மூவரும் சொன்னதைப் பிறகு பார்க்கலாம். அந்தக் கோடுகள் நீங்கள் தினமும் துடைத்ததால் வந்தவை. இதைப் படிக்கும்போது உங்களுக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும் என்று தெரிகிறது. காரைக் கண்டுகொள்ளாமல் விடுகிறவரின் வண்டியில் இவை மூன்றே வாரத்தில் வருவதில்லை. ஆசையாகப் பார்த்துக்கொள்கிறவர் வண்டியில்தான் வருகின்றன.

நைந்து பஞ்சாகிப்போன துணி எப்படிக் கீறும் என்று தோன்றும். துணி கீறாது. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் சிக்கும் தூசிதான் கீறுகிறது. அதிலும் உங்கள் ஊர்த் தூசி லேசுப்பட்டது அல்ல. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பகுதி குவார்ட்ஸ். தாதுக்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7. ஜன்னல் கண்ணாடி 6க்கும் கீழே. கண்ணாடியையே கீறும் அந்த மணலின் பொடி காற்றோடு வந்து உங்கள் பானெட்டில் உட்காருகிறது. அதன் மேல் உலர்ந்த துணியை வைத்து இழுத்தால், உப்புத்தாளால் தேய்ப்பதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் கிடையாது.

கார் பெயின்ட் ஒரே பூச்சாக இருப்பதில்லை. இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் கறுப்பு நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அரை முடிப் பருமனுள்ள அந்தப் படலம்தான் உங்கள் காரின் மினுமினுப்பு முழுவதையும் தாங்கி நிற்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் கறுப்பை வெளிறச் செய்யாமல் தடுப்பதும் அதுதான். நீங்கள் பார்த்த கோடுகள் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. கறுப்பு நிறம் வரை போகவில்லை. அந்த மட்டில் நிம்மதியாக இருங்கள்.

இன்று இரவு கைபேசி டார்ச்சைப் பானெட்டின் மேல் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வட்டமும் கூடவே நகரும். கோடுகள் உண்மையில் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்தை உங்கள் கண் பக்கம் திருப்பிவிடும் கோணத்தில் உள்ளவை மட்டும் தெரிவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. வெள்ளைக் காரிலும் இதே கோடுகள் இருக்கும். அங்கே பின்னணியே வெளிச்சமாக இருப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை. கறுப்பில் ஒரு கீறலின் விளிம்பில் தெறிக்கும் துளி வெளிச்சம்கூட நட்சத்திரம் போலப் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

இனி பாலிஷ். நம் ஊரில் காருக்குப் பூசும் எல்லாவற்றையும் பாலிஷ் என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மெழுகு, சீலன்ட் போன்றவை பெயின்ட்டின் மேல் ஒரு படலமாக உட்காருபவை. பாலிஷில் இருப்பது மிக நுண்ணிய அரைப்புப் பொடி. கீறலைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சீவி, கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. போட்ட ஒவ்வொரு முறையும் அந்த அரை முடியிலிருந்து ஒரு பங்கு குறையும். குறைந்தது திரும்ப வளராது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருக்கப்போகும் காருக்கு மூன்றாவது வாரத்திலேயே அந்தச் சேமிப்பில் கை வைக்க வேண்டுமா? வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷின் பழகாத கையில் இருந்தால், கறுப்பில் புகை போன்ற சுழல் தடங்களை விட்டுவிடும். கதவு விளிம்பிலும் பானெட்டின் மடிப்பிலும் நிறம் தெரியும் அளவுக்குத் தேய்த்துவிடுவதும் உண்டு.

அதனால் இப்போது பாலிஷ் வேண்டாம். முதலில் துடைக்கும், கழுவும் பழக்கத்தை மாற்றுங்கள். அது மாறாமல் பாலிஷ் போட்டால் அடுத்த மாதமே கோடுகள் திரும்ப வரும். பழக்கம் கைக்கு வந்து, ஆடிக் காற்றும் அடங்கிய பிறகும் கோடுகள் கண்ணை உறுத்தினால், ஒரே ஒரு முறை லேசான ஃபினிஷிங் பாலிஷ் போட்டுக்கொள்ளுங்கள். சுழல்வதோடு அசைந்தும் தேய்க்கும் டூயல் ஆக்‌ஷன் மெஷினும், பெயின்ட்டின் பருமனை அளக்கும் கருவியும் இருக்கிற கடையாகப் பாருங்கள். வேலை முடிந்ததும், தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு பகுதியைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பசையால் கீறல்களை நிரப்பி மறைத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். காசு கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்லுங்கள்.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. விபத்துக்குப் பிறகு பட்டறையில் மறுபடி அடிக்கிற பெயின்ட் குறைந்த சூட்டில் உலருவது. அது முழுமையாக இறுக ஒன்றிரண்டு மாதம் விட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் காரை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் சூளையில் சுட்டுத்தான் அனுப்புகிறார்கள். உங்கள் கைக்கு வரும்போது அது காய்ந்து இறுகியாயிற்று. நாளைக்கே மெழுகு பூசினாலும் கெடுதல் இல்லை.

டெஃப்லான் கதை வேறு. 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கட் கண்டறிந்த அந்தப் பொருள் 327 டிகிரியில் உருகுவது. நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அது ஒட்டி நிற்பது அதற்கும் மேலான சூட்டில் சுடுவதால்தான். அந்தச் சூட்டைக் காரின் பெயின்ட் தாங்காது. டெஃப்லான் கோட்டிங் என்ற பெயரில் பூசுவது பெரும்பாலும் சில மாதம் நிற்கக்கூடிய சீலன்ட்டுதான். அதே வேலையை ஒரு நல்ல ஸ்பிரே சீலன்ட்டை வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்கள் கையாலேயே செய்யலாம். கார்னோபா மெழுகு கறுப்பில் தரும் ஆழமான பளபளப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது. ஆனால் அது 82 முதல் 86 டிகிரிக்குள் உருகிவிடும். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் கறுப்புத் தகடு கை வைக்க முடியாதபடி கொதிக்கும்போது, மெழுகு சில வாரங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்காது.

செராமிக் கோட்டிங்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஆள் அதைத்தான் சொல்லப்போகிறார். பெயின்ட்டின் மேல் பூசி இறுகவிடும் மெல்லிய படலம் அது. நல்ல பொருள்தான். தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கிப்போகும், கழுவுவது சுலபமாகும், ஒழுங்காகப் பூசினால் இரண்டு மூன்று ஆண்டு நிற்கும். 9எச் கடினம் என்று விளம்பரத்தில் போடுவது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அதை வைரத்தின் கடினம் போல எண்ணிவிடாதீர்கள். மணல் அதையும் கீறும், கல்லடியை அது தடுக்காது. துறைமுகச் சாலையில் உப்பு லாரிக்கும் நிலக்கரி லாரிக்கும் பின்னால் தினமும் ஓட்டுவதாக இருந்தால், கையில் இருக்கும் பணத்தைப் பானெட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டச் செலவிடுங்கள். 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலம் அது. கல் தெறித்தால் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். கடற்காற்று படும் ஊரில், கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த ஒரு புள்ளி போதும், துரு அங்கே குடிவந்துவிடும். முழு காருக்கும் ஒட்டுவது பெரிய செலவு, அவசியம் இல்லை.

இனி கழுவும் முறை. இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். தினமும் துடைக்காதீர்கள். வாரம் ஒரு முறை கழுவினால் போதும். தூசியோடு நிற்கும் கறுப்பு காரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம்தான். ஆனால் உலர்ந்த தூசி தானாக உட்கார்ந்திருக்கும் வரை ஒரு கெடுதலும் செய்வதில்லை. அதை நகர்த்தும்போதுதான் கீறுகிறது.

வெயில் தாழ்ந்த பிறகு தொடங்குங்கள். புறங்கையைப் பானெட்டில் வையுங்கள். சூடு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் தண்ணீரை மட்டும் பீய்ச்சி, ஓடக்கூடிய மணல் முழுவதையும் ஓடவிடுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து, கூரையிலிருந்து கீழே வாருங்கள். அழுத்தாமல், நேர்கோட்டில், கையுறை தன் எடையிலேயே நகரட்டும். ஒரு கதவு முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசிவிட்டுத்தான் திரும்ப ஷாம்புவில் விட வேண்டும். முடிவில் அந்த வாளியின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நறநறவென்று செம்மணல் தட்டுப்படும். அத்தனையும் உங்கள் பெயின்ட்டில் கோடு போட்டிருக்க வேண்டியவை. சக்கரத்துக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் தனித் துணி. பாத்திரம் துலக்கும் சோப்பும் துணி சோப்புத் தூளும் மெழுகையும் சீலன்ட்டையும் அரித்துவிடும், அவை வேண்டாம். பளபளப்புக்காக மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ பூசும் வழக்கமும் வேண்டாம். எண்ணெய்ப் பசை ஒரே நாளில் ஊர்த் தூசியை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

கடைசியாக அலசுவதற்கு ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டாம். உங்கள் வீட்டுக் குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது போதும். ஆழ்குழாய்த் தண்ணீர் காய்ந்தால் அதிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி போட்டுவிடும். அப்படியே வெயிலில் விட்டால் புள்ளி கிளியர் கோட்டுக்குள் இறங்கிவிடும். புதிதாகப் படிந்த கறையாக இருந்தால் வினிகரில் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்து, ஈரத் துணியை அதன் மேல் ஒரு நிமிடம் போர்த்தி எடுத்துவிட்டு அலசினால் போய்விடும். உலர்த்தும்போது துணியை இழுக்காதீர்கள். தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு, மேலே உள்ளங்கையால் ஒற்றி எடுங்கள். அந்தத் துண்டு தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதைக் காரில் வைக்க வேண்டாம்.

பறவை எச்சம் மட்டும் வாரக் கணக்கு பார்க்காது. அதிலுள்ள யூரிக் அமிலமும் வெயிலும் சேர்ந்தால் ஒரே பகலில் தடம் பதிந்துவிடும். வண்டியில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் துணியும் வைத்திருங்கள். பார்த்த உடனே ஈரத் துணியால் ஊறவைத்து, மேலே தூக்கி எடுங்கள். கார் கவர் போடுவதாக இருந்தால் கழுவிய வண்டியில் மட்டும் போடுங்கள். தூசியோடு மூடினால், காற்றில் கவர் படபடக்கும் ஒவ்வொரு அசைவும் உங்கள் பழைய வேட்டி செய்த வேலையையே செய்யும்.

முதல் கார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பீர்கள். குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. பெயின்ட்டில் ஒரு நாள் இருந்தாலும் கறை விடும். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டும்போது கீறல் விழும். மாலையைக் கட்டிய நாரும் ஜரிகைக் கம்பியும் ஓடும் வண்டியில் பானெட்டை அறுத்துக்கொண்டே வரும். பூஜை முடிந்து கிளம்பும் முன் மாலையை எடுத்துவிடுங்கள். கற்பூரத் தட்டைப் பானெட்டின் மேல் வைக்க யாரையும் விடாதீர்கள். சந்தனமும் குங்குமமும் முன் கண்ணாடியில் இருக்கட்டும், அங்கே எதுவும் ஆகாது. அந்தப் பொட்டை உங்கள் மகளையே வைக்கச் சொல்லுங்கள்.